முதல் வார்மின்ட் துப்பாக்கி: .22, .17, .223 மூன்றில் எது?

பயிரைக் கெடுக்கும் விலங்குகளைச் சுடும் வார்மின்ட் வேட்டைக்கு முதல் துப்பாக்கி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தோட்டாவிலிருந்து தொடங்குகிறார்கள். எது வேகம், எது தூரம் போகும், எது விலை குறைவு என்று பட்டியல் போடுகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் நிலம். எந்த விலங்கை, எவ்வளவு தூரத்தில், பின்னால் என்ன இருக்கும் நிலத்தில் சுடப்போகிறோம் என்பது தெரிந்தால் தோட்டா தானாகவே ஒன்றோ இரண்டோவாகச் சுருங்கிவிடும். தோட்டாவை முதலில் வாங்கி நிலத்தைப் பிறகு தேடுகிறவர், இரண்டாம் ஆண்டில் இன்னொரு துப்பாக்கி வாங்குகிறார்.

பேசுவது அமெரிக்காவைப் பற்றி. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடம் தருவதில்லை. அமெரிக்காவில் பயிரையும் மேய்ச்சல் புல்லையும் அழிக்கும் விலங்குகளை மொத்தமாக வார்மின்ட் என்கிறார்கள். பண்ணைக்காரர்கள் அவற்றை விஷம் வைத்தும் கொல்கிறார்கள், சுட அனுமதி கேட்டு வருகிறவர்களை உள்ளே விட்டும் குறைக்கிறார்கள். இந்த வேட்டையில் இறைச்சி நோக்கமல்ல. அதனால் குறி தவறாமல் ஒரே நொடியில் உயிர் போகும்படி சுடுவதுதான் இதில் இருக்கும் ஒரே நியாயம். கீழே சொல்லும் தூர வரம்புகள் அனைத்தும் அதை வைத்தே சொல்லப்பட்டவை.

ஒரு சொல் விளக்கம்: பித்தளைக் கூடு, வெடிமருந்து, முன்னால் பறக்கும் ஈயம் எல்லாம் சேர்ந்தது தோட்டா. பறக்கும் பகுதி மட்டும் குண்டு. .22, .17, .223 என்பவை தோட்டா வகைகளின் பெயர்கள், அந்த எண் ஏறக்குறைய குண்டின் விட்டம், அங்குலத்தில். தூரத்தைக் கஜத்தில் சொல்கிறோம், ஒரு கஜம் மூன்று அடி. குண்டின் எடை கிரெய்னில் வரும், ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன்.

எந்த விலங்கு

தெற்கு டகோட்டா, வயோமிங், மொன்டானா சமவெளிகளில் இருப்பது கருவால் பிரெய்ரி டாக். நாய் அல்ல, அணில் இனம். ஒரு கிலோவை ஒட்டிய எடை. வளை மேட்டில் நிமிர்ந்து நிற்கும்போது உயரம் ஓரடிக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் மூன்றிலிருந்து நான்கு அங்குலம். நூற்றுக்கணக்கான வளைகள் சேர்ந்து ஊர்போல் பரந்திருக்கும். ஒரு நாளில் 200 தோட்டா செலவாவது இங்கே சாதாரணம். காலையில் 80 கஜத்தில் நின்றவை, சுடச்சுட உள்ளே போய், மதியத்தில் 250 கஜத்துக்கு அப்பால் மட்டுமே தலைகாட்டும்.

மொன்டானாவின் ரிச்சர்ட்சன் தரை அணிலும், ஓரிகன், நெவாடா பக்கத்தின் பெல்டிங் தரை அணிலும் இன்னும் சிறியவை, அரைக் கிலோவைத் தாண்டுவது அரிது. இவற்றை 30 முதல் 150 கஜத்துக்குள் சுடலாம். வசந்தத்தில் வெளிவந்து கோடையின் நடுவிலேயே வளைக்குள் உறங்கப் போய்விடுவதால் பருவம் குறுகியது.

கிழக்கே பென்சில்வேனியா, ஒஹாயோ சோயா வயல்களில் கிரவுண்ட்ஹாக், வளை தோண்டி வாழும் பெரிய அணில் இனம். மூன்று நான்கு கிலோ எடை, தடித்த எலும்பு. ஒரு மாலையில் மூன்று கண்டால் நல்ல மாலை. துப்பாக்கிக் குழல் சூடாகும் பிரச்சினை இங்கே கிடையாது. ஆனால் வயலைச் சுற்றி வீடு, சாலை, மாட்டுக்கொட்டகை எல்லாம் இருக்கும்.

நரி போன்ற கயோட்டியைச் சுடுவது வேறு கலை. மறைந்து உட்கார்ந்து, அடிபட்ட முயலின் ஒலியை எழுப்பி, 15 - 20 நிமிடம் காத்திருந்து, வந்தால் ஒரு குண்டு. அதற்குக் கனமான குழலும் பெரிய ஸ்கோப்பும் (குறிபார்க்கத் துப்பாக்கிமேல் பூட்டும் தொலைநோக்கி) சுமையே தவிர உதவி இல்லை. முதல் ஆண்டில் இதையும் பிரெய்ரி டாகையும் ஒரே துப்பாக்கியால் செய்ய நினைத்தால் .223 ஒன்றுதான் இரண்டுக்கும் தாங்கும்.

.22 லாங் ரைஃபிள்

மலிவு, பின்னுதை இல்லை, எந்தக் கடையிலும் கிடைக்கும். 40 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 1,235 அடி வேகத்தில் கிளம்புகிறது. 50 கஜத்தில் ஸீரோ செய்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைத் திருத்தினால், 100 கஜத்தில் ஆறு ஏழு அங்குலம் இறங்கிவிடும். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று அதே 100 கஜத்தில் ஐந்து அங்குலம் தள்ளும். தரை அணிலின் அகலமே இரண்டு மூன்று அங்குலம். எனவே நேர்மையான வரம்பு 75 கஜம். காற்றில்லாத காலையில், நல்ல கையில், 100.

இதன் பெரிய குறையை வாங்குகிறவர்கள் கவனிப்பதே இல்லை. மெதுவான, மென்மையான, உடையாத ஈயக் குண்டு தரையில் சாய்வாகப் பட்டால் கல் தண்ணீரில் தாவுவதுபோல் எழும்பிப் பறக்கும். ஒரு மைலுக்கு மேலும் போகக்கூடியது அது. சிறிய துப்பாக்கி என்பதால் வீடுகளுக்கு நடுவே பாதுகாப்பானது என்ற எண்ணம் தலைகீழானது. கல் நிறைந்த காய்ந்த நிலத்தில் .22 மிக மோசமாகத் தாவும். வேகமாகப் போகும் மெல்லுறைக் குண்டோ தரையைத் தொட்டதுமே பொடியாகிவிடும்.

ஆனாலும் .22 வீணல்ல. விசையை இழுப்பது, மூச்சை நிறுத்துவது, காற்றைப் படிப்பது எல்லாம் இதில்தான் மலிவாகக் கற்க முடியும். 100 கஜத்தில் .22 காற்றால் தள்ளப்படுவது, 200 கஜத்தில் .223 தள்ளப்படுவதற்கு ஏறக்குறைய சமம். அதனால் 100 கஜத்தில் காகிதத்தை வைத்து .22ஆல் 500 தோட்டா சுட்டவர், .223 எடுக்கும்போது பாதி பாடம் முடித்திருப்பார்.

.17 எச்.எம்.ஆர்.

2002இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்தது. .22 மேக்னம் கூட்டின் கழுத்தைச் சுருக்கி .17 அளவுக் குண்டு பொருத்தியது. 17 கிரெய்ன் வி-மேக்ஸ் குண்டு விநாடிக்கு 2,550 அடி. 100 கஜத்தில் ஸீரோ செய்தால் 150இல் இரண்டரை அங்குலம்தான் இறக்கம், 200இல் எட்டரை. பிளாஸ்டிக் முனையும் மெல்லிய உறையும் இருப்பதால் அணிலில் பட்டாலும் மண்ணில் பட்டாலும் பெரும்பாலும் நொறுங்கும். கிழக்கின் சிறு வயல்களில் இதை விரும்புவதற்கு அதுவே முதல் காரணம்.

குறை, காற்று. 17 கிரெய்ன் என்பது மிக இலேசு. 10 மைல் குறுக்குக் காற்றில் 100 கஜத்தில் மூன்று அங்குலம், 150இல் எட்டு, 200இல் பதினைந்து. 100க்கும் 200க்கும் இடையில் ஐந்து மடங்கு. காற்றை 5 மைல் தவறாகக் கணித்தால் 150 கஜத்தில் நான்கு அங்குலம் விலகும், அதாவது ஒரு முழு பிரெய்ரி டாக் அகலம். மேற்குச் சமவெளியில் காலை ஒன்பதுக்குமேல் காற்று எழும் இடங்களே அதிகம். அங்கே .17 காலை நேரத் துப்பாக்கி.

கிரவுண்ட்ஹாக்குக்கு இதை 100 கஜத்துக்கு மேல் நம்ப வேண்டாம். தலையில் பட்டால் சரி. தோளில் பட்டால் குண்டு மேலேயே சிதறிவிடும், விலங்கு வளைக்குள் போய்ச் சாகும். கயோட்டிக்கு இது கூடவே கூடாது.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள். .22 போலவே இதுவும் ரிம்ஃபயர், அதாவது கூட்டின் அடி விளிம்பைத் தட்டி வெடிக்க வைக்கும் தோட்டா, என்பதால் கூட்டை மறுபடி அடைக்க முடியாது. சுட்ட கூடுகளில் கழுத்து பிளந்திருப்பது அவ்வப்போது தென்படும். ஒன்றிரண்டென்றால் பயமில்லை, பெட்டியில் பலவானால் அந்தப் பெட்டியைத் தள்ளிவையுங்கள். .22க்கு உள்ள துப்புரவுக் கம்பி .17 குழலுக்குள் நுழையாது, தனியாக வாங்க வேண்டும். அரைத் தானியங்கித் துப்பாக்கியில் இந்தத் தோட்டா சிக்கலானது: அழுத்தம் முழுதும் இறங்கும் முன்பே, குழலின் பின்வாயை மூடும் போல்ட் பின்வாங்கினால் கூடு வெடித்துப் பிளக்கும். இந்தத் தோட்டாவுக்கென்றே தாமதப் பூட்டு வைத்துச் செய்தவை இருக்கின்றன. முதல் துப்பாக்கியாக, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இயக்கும் போல்ட் ஆக்‌ஷனையே எடுங்கள்.

.223 ரெமிங்டன்

1964 முதல் சந்தையில் இருக்கும் சென்டர்ஃபயர் தோட்டா, அதாவது கூட்டின் அடி நடுவில் தட்டி வெடிக்க வைப்பது. 55 கிரெய்ன் வி-மேக்ஸ் விநாடிக்கு 3,240 அடி. 200 கஜத்தில் ஸீரோ செய்தால் 100இல் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே, 300இல் ஏழரை அங்குலம் கீழே, 400இல் இருபத்து மூன்று. 10 மைல் காற்றுத் தள்ளல் 200இல் நாலரை, 300இல் பதினொன்று, 400இல் இருபதுக்கு மேல். பின்னுதை குறைவு. கனமான வார்மின்ட் துப்பாக்கியில் குண்டு பட்டதை ஸ்கோப்பிலேயே பார்க்கலாம். இது சிறிய விஷயமல்ல: எங்கே பட்டது என்று கண்ணால் பார்த்தால்தான் அடுத்த குண்டுக்குக் காற்றைத் திருத்த முடியும்.

பிரெய்ரி டாகுக்குத் தொடக்கக்காரரின் வரம்பு 250 கஜம். துப்பாக்கி 400க்குப் போகும் என்பது உண்மை. சுடுகிறவரின் காற்றுக் கணிப்பு அவ்வளவு தூரம் போகாது.

வாங்கும்போது மூன்றைப் பார்க்க வேண்டும். முதலில் முறுக்கு: குழலுக்குள் ஓடும் சுருள் பள்ளம் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது என்பது. 40 முதல் 55 கிரெய்ன் குண்டுக்கு 12 அங்குலமும் சரி, 9 அங்குலமும் சரி. 7 அங்குல முறுக்கில் 3,240 அடி வேகக் குண்டு நிமிடத்துக்கு 3,30,000 சுற்றைத் தாண்டிச் சுழலும். 12 அங்குலத்தில் அது 1,94,000தான். மிக மெல்லிய உறையுள்ள வார்மின்ட் குண்டு அந்தச் சுழற்சியில் காகிதத்தை எட்டும் முன்பே காற்றில் சிதறக்கூடும். இலக்குக்கு முன்னால் சாம்பல் நிறப் புகைக் கோடு தெரிந்தால் அதுதான் காரணம்.

இரண்டாவது, குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள். .223 என்று மட்டும் இருந்தால் 5.56 ராணுவத் தோட்டாவை அதில் போடாதீர்கள். வெளி அளவு ஒன்றுபோல் இருந்தாலும் அழுத்தம் மிகக்கூடும்.

மூன்றாவதுதான் பணத்தில் கடிக்கும் பொறி. பெட்டி பெட்டியாக மலிவில் கிடைக்கும் 55 கிரெய்ன் முழு உறைத் தோட்டா வேட்டைக்கு அல்ல. அது உடையாது. தரையில் பட்டால் தாவும், விலங்கில் பட்டால் ஊசிபோல் துளைத்துப் போய்விடும், அணில் நீண்ட நேரம் துடிக்கும். வார்மின்ட் குண்டுள்ள தோட்டாவின் விலையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கடைக்குக் கடை விலை மாறினாலும் விகிதம் ஏறக்குறைய இப்படி: .22 தோட்டா ஒன்று பத்து சென்ட் அளவில் என்றால் .17 மூன்று நான்கு மடங்கு, .223 வார்மின்ட் தோட்டா எட்டுப் பத்து மடங்கு. ஒரு நாளைக்கு 200 தோட்டா என்றால் வித்தியாசம் பெரிது. .223இன் கூட்டை மறுபடி அடைக்கலாம் என்பது அதற்கு மாற்று. ஒரு தோட்டாவுக்கு 26 கிரெய்ன் மருந்து என்று வைத்தால் ஒரு பவுண்டில் 269 தோட்டா. ஆனால் முதல் ஆண்டிலேயே அதில் இறங்க வேண்டாம். கூடுகளை மட்டும் சேர்த்து வையுங்கள்.

மற்றவை

.22-250 ரெமிங்டன் பலரின் ஆசை. அதே 55 கிரெய்ன் குண்டை 3,680 அடி வேகத்தில் அனுப்பும். 300 கஜத்தில் .223ஐவிட மிச்சமாவது இறக்கத்தில் இரண்டு அங்குலம், காற்றில் இரண்டு அங்குலம். அதற்குக் கொடுக்கும் விலை, 36 கிரெய்ன் அளவு மருந்து, விரைவில் சூடாகும் குழல், விரைவில் அரிபடும் தொண்டைப் பகுதி, அதாவது குழலின் தொடக்கம். பிரெய்ரி டாக் ஊரில் பத்துப் பன்னிரண்டு குண்டுக்குள் ஓய்வு கொடுக்க வேண்டி வரும். கயோட்டிக்கு மிக நல்லது. முதல் துப்பாக்கி அல்ல.

.204 ரூகர் 2004இல் வந்தது. 32 கிரெய்ன் குண்டு 4,225 அடி வேகம். பாதை மிகத் தட்டையானது, பின்னுதை .223ஐவிடக் குறைவு. தோட்டா எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை என்பதே தடை.

.243 வின்செஸ்டர், ஆண்டுக்கு ஒரு மானும் சில கயோட்டிகளும் சுடுகிறவருக்கு. 200 குண்டு சுடும் நாளுக்கு அதன் பின்னுதையும் சூடும் ஒத்துவராது.

தீர்ப்பைக் கேட்டால்: மேற்குச் சமவெளிக்கு .223 போல்ட் ஆக்‌ஷன். தரை அணிலும் சிறு வயலும் மட்டுமே என்றால், 150 கஜத்துக்குமேல் நிலமே இல்லை என்றால், .17 எச்.எம்.ஆர். கிழக்கின் கிரவுண்ட்ஹாக்குக்கு மீண்டும் .223. இரண்டு வாங்க வசதியுள்ளவர் .22ஐயும் .223ஐயும் எடுத்துக்கொண்டு .17ஐத் தாண்டிப் போகலாம். பிரெய்ரி டாக் ஊரில் இரண்டு துப்பாக்கி கையில் இருப்பது ஆடம்பரமல்ல, ஒன்று ஆறும்வரை மற்றதைச் சுடலாம்.

போல்டா, ஏ.ஆரா

அரைத் தானியங்கியான ஏ.ஆர்-15 வகைத் துப்பாக்கியும் கனமான குழலோடு இருந்தால் நன்றாகவே சுடும். ஆனால் தொடக்கக்காரர் கையில் அது வேகமாகச் சுட வைக்கும். குழல் சூடாகும், குழல் சூடானால் குண்டு விழும் இடம் மெல்ல நகரும், சுடுகிறவர் காற்றைக் குறை சொல்வார். கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் அந்த வகைக்கே கட்டுப்பாடுகள் உண்டு. போல்ட் ஆக்‌ஷனில் ஒவ்வொரு குண்டுக்கும் கையைத் தூக்க வேண்டியிருப்பதே ஒரு பாடம்.

ரிம்ஃபயரில் சிசட் 457, சாவேஜ் 93 வரிசை, சென்டர்ஃபயரில் டிக்கா டி3எக்ஸ், ரூகர் அமெரிக்கன், சாவேஜின் கனக்குழல் மாதிரிகள் எல்லாம் முதல் துப்பாக்கிக்குத் தகுதியானவை. பெயரைவிட முக்கியம் அளவு: 300 கஜத்தில் மூன்று அங்குல விலங்கைச் சுட, 100 கஜத்தில் ஐந்து குண்டு ஓர் அங்குலத்துக்குள் விழ வேண்டும். துல்லியத்தைச் சொல்லும் கோண அளவான ஓர் எம்.ஓ.ஏ. என்பது 100 கஜத்தில் 1.047 அங்குலம், 300 கஜத்தில் மூன்றுக்குமேல். துப்பாக்கியின் பிழையே விலங்கின் அகலமாகிவிட்டால் காற்றுப் பிழைக்கு இடமே இல்லை.

வாங்கியதும் ஒரே வகைத் தோட்டாவை ஐந்நூறு வாங்கி அடுக்காதீர்கள். நான்கைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டு வீதம் சில குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகளின் தொகுதி) சுட்டுப் பாருங்கள். ரிம்ஃபயரில் இது இன்னும் அவசியம். ஒரே மாதிரித் துப்பாக்கிகள் இரண்டில் ஒன்றுக்குப் பிடித்த தோட்டா மற்றதற்குப் பிடிக்காது.

ஸ்கோப், ஸீரோ

.22க்கும் .17க்கும் 4-12 பெருக்கம் போதும். .223க்கு 4-16 அல்லது 6-18. இன்னும் பெரிதாக்கினால் வெயிலில் தரையிலிருந்து எழும் கானல் அலையும் சேர்ந்து பெரிதாகும். நண்பகலில் பலர் 12க்குக் குறைத்துத்தான் சுடுகிறார்கள். பெருக்கத்தைவிட முக்கியம் தூரத்துக்கேற்ப பாரலாக்ஸைத் திருத்தும் வசதி. சென்டர்ஃபயருக்கென 100 கஜத்தில் நிலைப்படுத்திய ஸ்கோப்பை .22இல் பூட்டி 40 கஜத்தில் சுட்டால், கண்ணை நகர்த்தும்போதெல்லாம் குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகரும். குரூப் விரிவதற்குத் துப்பாக்கி காரணமென்று நினைப்பீர்கள்.

ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத் திருகுகளை முறுக்குமானி வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். பெரும்பாலும் அது 15 முதல் 18 அங்குல-பவுண்டு. கையளவில் இறுக்கினால் ஒன்று வழுக்கும், அல்லது ஸ்கோப் குழாய் நசுங்கும். திடீரென்று எதுவும் குறியில் விழாத நாளில் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது இந்தத் திருகுகளை.

ஸீரோவை 25 கஜத்தில் தொடங்குங்கள். கால் எம்.ஓ.ஏ. நகரும் ஒரு கிளிக் 100 கஜத்தில் கால் அங்குலம். 25 கஜத்தில் அது பதினாறில் ஒரு அங்குலம்தான். எனவே 25இல் நான்கு அங்குலம் இடப்பக்கம் விழுந்தால் வலப்பக்கம் 64 கிளிக். இந்தக் கணக்கு தெரியாமல் 16 கிளிக் திருப்பிவிட்டு, ஸ்கோப் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் நிறைய. 25இல் சரியானதும் 100க்குப் போய், மூன்று குண்டு குரூப்பின் நடுவைப் பார்த்துத் திருத்துங்கள், ஒரு குண்டை வைத்துத் திருத்தாதீர்கள். .223க்கு 100இல் ஒன்றேகால் அங்குலம் மேலே விழும்படி வைத்தால் 200 ஸீரோவுக்கு மிக அருகில் வந்துவிடும். ஆனாலும் 200இல் சுட்டு உறுதிசெய்யாமல் வேட்டைக்குப் போகாதீர்கள்.

சட்டம்: குறிப்பாக விசாவில் இருப்போருக்கு

இதைப் படிக்கும் தமிழர்களில் பலர் எச்-1பி, எல்-1, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் என்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டத்தின் 922ஆம் பிரிவு, குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைத் தடுக்கிறது. அதே பிரிவிலுள்ள முக்கிய விலக்குகளில் ஒன்று, அமெரிக்காவில் முறைப்படி வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது. நண்பரின் துப்பாக்கியைப் பயிற்சிக்களத்தில் வாங்கிச் சுடுவதும் வைத்திருத்தல்தான். பசுமை அட்டை உள்ளவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது.

இங்கே ஒரு நுட்பம் பலரைச் சிக்கவைக்கும். சில மாநிலங்களில் தனியார் நிலத்தில் பிரெய்ரி டாக், தரை அணில் சுட மாநில உரிமமே வேண்டியதில்லை. குடிமகனான நண்பர் "லைசென்ஸ் எதற்கு?" என்று கேட்பார். அவருக்கு வேண்டாம். விசாவில் இருப்பவருக்கோ அந்த உரிமம்தான் துப்பாக்கியைத் தொடும் அனுமதி. அது காலாவதியாகும் நாளில் வீட்டு அலமாரியில் இருக்கும் துப்பாக்கியும் குற்றமாகிவிடும். புதுப்பிக்கும் தேதியைக் குறித்து வையுங்கள். பசுமை அட்டைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

உரிமம் பெறப் பெரும்பாலான மாநிலங்களில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடிக்க வேண்டும். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்தபின்தான் துப்பாக்கி கைக்கு வரும். விசாவில் இருப்பவரிடம் உரிமத்தை அந்த மேசையிலேயே கேட்பார்கள்.

விலங்கையும் பாருங்கள். கருவால் பிரெய்ரி டாகைச் சுடலாம் என்பதால் எல்லாப் பிரெய்ரி டாகையும் சுடலாம் என்பதில்லை. யூட்டா பிரெய்ரி டாக் கூட்டாட்சிப் பாதுகாப்பில் உள்ளது. பிரெய்ரி டாகைத் தின்று வாழும் கருங்கால் ஃபெரெட் அழிந்துவிட்டதாக நினைத்து, 1981இல் வயோமிங்கின் மீட்டீட்சி அருகே மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட விலங்கு. அதற்காகவே தெற்கு டகோட்டாவின் கோனாட்டா பள்ளத்தாக்கில் பிரெய்ரி டாக் சுடத் தடை உண்டு. அதே மாநிலத்தின் பொது நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூன் 14 வரை சுடக்கூடாது. குட்டிகள் வளையில் இருக்கும் காலம் அது. தாயைச் சுட்டால் குட்டிகள் உள்ளே பட்டினியில் சாகும். தனியார் நிலத்தில் சட்டம் தடுக்காவிட்டாலும் அந்த வாரங்களை விட்டுவிடுவதே சரி என்பது எங்கள் உறுதியான கருத்து. வளை வாசலில் நீண்ட காலோடு நிற்கும் சிறு ஆந்தையைத் தூரத்தில் பார்த்தால் பிரெய்ரி டாக் போலவே தோன்றும். அது வளை ஆந்தை, கூட்டாட்சிச் சட்டம் காக்கும் பறவை. வெறும் உருவத்தைப் பார்த்து விசையைத் தொடாதீர்கள்.

கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வனவிலங்கைச் சுடவும் ஈயமற்ற குண்டே வேண்டும். மற்ற இடங்களிலும் அதை யோசிக்கலாம். வெளியில் விட்டுவரும் உடலைப் பருந்தும் கழுகும் தின்னும், ஈயத் துகளும் சேர்ந்து உள்ளே போகும். .223க்கு 36 கிரெய்ன் வார்மின்ட் கிரெனேட், .17க்கு 15.5 கிரெய்ன் என்.டி.எக்ஸ். என்று ஈயமற்ற, சிதறும் குண்டுகள் இருக்கின்றன. விலை கூடுதல், ஸீரோவைத் தனியாகச் செய்ய வேண்டும்.

களத்தில் கெடுவது

சமவெளியில் பின்தடுப்பு இல்லை என்பதுதான் முதல் ஆபத்து. படுத்தபடி சுட்டால் குண்டு தரைக்கு இணையாகப் போகும், தாவுவதற்குச் சரியான கோணம். ஒரு மேட்டின்மேல் மடக்கு மேசை போட்டுக் கீழ்நோக்கிச் சுட்டால் தவறிய குண்டு மண்ணில் புதையும், புல்லும் பார்வையை மறைக்காது. மேசையில் முன்னால் இருகாலி, பின்னால் மணல் பை. வானக்கோட்டில் நிற்கும் விலங்கை எவ்வளவு அருகில் இருந்தாலும் விட்டுவிடுங்கள். மாடு, கார், வீடு எந்தத் திசையில் என்று காலையிலேயே பண்ணைக்காரரிடம் கேட்டு, அந்தத் திசையை அன்று முழுதும் மூடிய கதவாக வையுங்கள்.

குழலைக் கையால் தொட்டு ஐந்து விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நிறுத்துங்கள். போல்ட்டைத் திறந்து வைத்தால் காற்று ஓடும். சூடான குழலில் தோட்டாவை ஏற்றிவைத்து அணிலுக்காகக் காத்திருக்கவே கூடாது. மருந்து சூடாகி அழுத்தம் ஏறும், மிகச் சூடானால் தானாகவே வெடிக்கவும் கூடும். 40 - 60 குண்டுக்கு ஒருமுறை .223 குழலைத் துடைத்தால் குரூப் விரியாது. .17ஐக் குரூப் விரிந்தபின் துடைத்தால் போதும்.

குண்டு எங்கே போனதென்று தெரியவில்லையா, அடுத்ததைச் சுடாதீர்கள். அருகில் ஒருவர் தொலைநோக்கியில் புழுதியைப் பார்த்து "இடப்பக்கம் நாலு அங்குலம்" என்று சொல்ல வேண்டும். தொடர்ந்து ஒரே பக்கம் விழுந்தால் காற்று. மேலும் கீழுமாகச் சிதறினால் தூரக் கணிப்பு, லேசர் தூரமானியை எடுங்கள். எல்லாத் திசையிலும் சிதறினால் சூடான குழல், தளர்ந்த திருகு, அல்லது களைத்த கை.

காதடைப்பும் கண்ணாடியும் .22க்கும் கட்டாயம். .223க்குக் காதுக்குள் அடைப்பு, அதன்மேல் காதுறை என்று இரண்டும் போடுங்கள்.

வளைக்கு அருகே நடக்கும்போது காலடியைப் பாருங்கள், கைவிட்ட வளைகளில் நஞ்சுள்ள கிலுகிலுப்பைப் பாம்பு தங்கும். இறந்த பிரெய்ரி டாகைக் கையால் தொடாதீர்கள். அதன் தெள்ளுப்பூச்சிகள் பிளேக் கிருமியைச் சுமப்பதுண்டு, உடல் குளிர்ந்ததும் அவை அடுத்த சூட்டைத் தேடி இறங்கும். ஓர் ஊரில் வளைகள் நிறைய இருந்தும் ஒன்றுகூட வெளியே தலைகாட்டவில்லை என்றால் அங்கே பிளேக் பரவியிருக்கலாம். அந்த இடத்தில் மேசையைப் போடாமல் பண்ணைக்காரரிடம் சொல்லிவிட்டு வேறு மேய்ச்சலுக்கு நகருங்கள். காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகி, பூச்சி விரட்டி தடவி, நாயை வண்டியிலேயே விட்டுப் போவது வழக்கம். சுட்ட கூடுகளை எண்ணிப் பொறுக்கி, திறந்த வாயில்களைத் திறந்தபடியும் மூடியவற்றை மூடியும் விட்டு வந்தால், அடுத்த ஆண்டும் அதே பண்ணைக்காரரிடம் அனுமதி கேட்கப் போகலாம்.